28, 42 இரண்டிலும் கை நிற்கிறது: இன்னும் எத்தனை கணக்கு போட வேண்டும்?

ஜனவரி 4, இரவு 8.40 | தம்பிக்காக

தம்பி பத்தாம் வகுப்பு, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், தமிழ் வழி. கணக்குப் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டு, பயிற்சிக் கணக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை முடித்துவிட்டான். மாதிரித் தேர்வில் ஒரு மதிப்பெண் 14-இல் 13 சரி. ஆனால் கட்டாய வினா 28, 42 இரண்டிலும் முதல் வரியே எழுதவில்லை. விடையைக் காட்டினால் 'அட, இவ்வளவுதானா' என்கிறான். போட்ட எண்ணிக்கை போதவில்லை என்று நினைக்கிறேன். இனி ஒரு நாளைக்கு 30 கணக்கு என்று ஏற்றினால் சரியாகிவிடும் இல்லையா சார்?

ஜனவரி 4, இரவு 10.05 | கோடும் புள்ளியும்

30 வேண்டாம், 6 போதும். 'அட, இவ்வளவுதானா' என்று அவன் சொன்னதிலேயே நோய் என்னவென்று தெரிகிறது. கணக்கிடத் தெரிந்திருக்கிறது, தொடங்கத் தெரியவில்லை.

புத்தகத்தில் பயிற்சி போடும்போது பாதி வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. 'இருபடிச் சமன்பாடு' என்ற தலைப்பின் கீழே பேருந்துக் கணக்கு வந்தால், கடைசியில் ஒரு எக்ஸ்² வரும் என்று கை முன்கூட்டியே தயாராகிவிடும். வினாத்தாளில் அந்தத் தலைப்பு கிடையாது. அதே புத்தகத்தை மூன்றாவது முறை போட்டால் ஞாபகம்தான் கூடும்.

செய்ய வேண்டியது இது. 8 இயல்களிலிருந்தும் கொஞ்சம் சிக்கலான கணக்குகளாக 5, 5 எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இயல் பெயரோ பயிற்சி எண்ணோ சீட்டில் இருக்கக் கூடாது. 40 சீட்டையும் கலைத்து ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு நாளைக்கு 6 சீட்டு. எடுத்த சீட்டுக்கு, பேனா ஓடுவதற்கு முன் இரண்டு வரி: கொடுத்தது என்ன, கேட்டது என்ன. அலகோடு எழுத வேண்டும். 12 நிமிடம் முயன்றும் நகரவில்லை என்றால் விடையில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்கலாம், மீதியை ஒரு தாளால் மூடிவிட்டு. பார்த்த பிறகு மறுபடி தானே தொடர வேண்டும். எந்த வரியில் நின்றான் என்பதைச் சீட்டின் பின்புறம் சிவப்பில் குறித்து, தேதி போடுங்கள். 3 நாள் கழித்து அதே சீட்டு, வெள்ளைத் தாள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. இரண்டு முறையும் தடையில்லாமல் வந்தால் சீட்டை வெளியே எடுத்துவிடலாம்.

ஜனவரி 5, காலை 6.30 | கோடும் புள்ளியும்

நேற்று 12 நிமிடம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அது 5 மதிப்பெண் கணக்குக்கு. 2 மதிப்பெண்ணுக்கு 5 நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டக் கூடாது.

கட்டாய வினா வந்து நிற்கும் இடத்தையும் பாருங்கள். 28 என்பது 2 மதிப்பெண் பகுதியின் கடைசி, 42 என்பது 5 மதிப்பெண் பகுதியின் கடைசி. மற்ற 13-இல் பிடித்த 9-ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், இதை மட்டும் விட முடியாது. 3 மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் மூச்சு விட இடம் இருக்கும்: ஒரு மதிப்பெண் 14-க்கும் சேர்த்து 15 நிமிடம், 2 மதிப்பெண் பத்துக்கும் 30, 5 மதிப்பெண் பத்துக்கும் 90, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 35. ஆக 170. மீதி 10 நிமிடம் அலகு, குறி, வினா எண் சரிபார்க்க. 42-க்கு உரிய பங்கு 9 நிமிடம். அதற்குள் வரவில்லை என்றால் கொடுத்தது, கேட்டது, படம், பொருத்தமான சூத்திரம் இவற்றை எழுதிவிட்டு அரைப்பக்கம் இடம் விட்டு நகர வேண்டும். படிகளுக்கும் மதிப்பெண் உண்டு, வெற்றிடத்துக்கு எதுவும் கிடையாது.

ஜனவரி 5, இரவு 9.15 | கோடும் புள்ளியும்

முதல் வரி எங்கே தவறுகிறது என்பதற்கு ஒரு சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு பேருந்து 120 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடுதலாக இருந்தால் 30 நிமிடம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன?

வேகம் எக்ஸ். பழைய நேரம் 120/எக்ஸ், புதிய நேரம் 120/(எக்ஸ் + 20). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். வேகம் மணிக் கணக்கில் இருக்கிறது, நேரமும் மணியில்தான் வர வேண்டும்: 1/2. அப்போது எக்ஸ்² + 20எக்ஸ் − 4800 = 0, காரணிகள் (எக்ஸ் + 80)(எக்ஸ் − 60), வேகம் மணிக்கு 60 கி.மீ.

30 என்றே போட்டிருந்தால்? எக்ஸ்² + 20எக்ஸ் − 80 = 0 என்று வரும். தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 400 + 320 = 720. முழு வர்க்கம் இல்லை. பத்தாம் வகுப்புச் சொற்கணக்கில் வர்க்கமூலம் ஒழுங்காக வெளியே வராவிட்டால் சூத்திரத்தில் எண்களைத் திணித்துக்கொண்டே போகாமல் மேலே ஏறி அலகைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் விடை மணிக்கு ஏறத்தாழ 3.4 கி.மீ. என்று வரும். அந்தப் பேருந்தை முந்திக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

தப்பான பாதைக்கு ஒவ்வொரு கணக்கிலும் இப்படி ஒரு மணி அடிக்கும். அது எங்கே அடிக்கும் என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஜனவரி 7, இரவு 8.50 | கோடும் புள்ளியும்

தொடர்வரிசைச் சீட்டு. 200-க்கும் 500-க்கும் இடையே 9-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் என்ன?

முதல் உறுப்பு 207, கடைசி 495. உறுப்புகள் (495 − 207)/9 + 1 = 33. கூடுதல் 33/2 × 702 = 11583. அந்த '+ 1' விட்டுப்போனால் 32 உறுப்பு, 11232. சந்தேகம் வந்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் சோதித்துக்கொள்ளலாம்: 9, 18, 27-இல் (27 − 9)/9 = 2, ஆனால் எண்கள் மூன்று. பத்து வினாடி வேலை.

இன்னொன்று, 'இடையே' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 200-ம் 500-ம் 9-ஆல் வகுபடாது என்பதால் அவற்றைச் சேர்த்தாலும் விட்டாலும் விடை ஒன்றுதான்.

ஜனவரி 8, மதியம் 1.20 | காம்பஸ் பெட்டி

கடைசி வரியை அப்படியே விட்டால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். கட்டாய வினாவில் 'வகுபடாத எண்களின் கூடுதல்' என்று திருப்பிக் கேட்டால் 'இடையே' முக்கியமாகிவிடும்.

ஜனவரி 8, இரவு 9.00 | கோடும் புள்ளியும்

சரியான திருத்தம், என் வரியைத் திரும்பப் பெறுகிறேன். 'இடையே' என்றால் 201 முதல் 499 வரை, 299 எண்கள், சராசரி 350, மொத்தம் 104650. அதில் 11583 போக 93067. 200, 500 இரண்டையும் சேர்த்துவிட்டால் 93767 என்று 700 கூடி நிற்கும். ஒரு கணக்கில் பொருட்டில்லாத சொல் அடுத்ததில் விடையையே மாற்றுகிறது.

இதையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம். ஒரு சீட்டு சரியாக வந்ததும் அதில் ஒரு சொல்லை மாற்றி இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். 'வகுபடும்' என்பதை 'வகுபடாத' ஆக்குங்கள். 'கூடுதல்' கேட்ட இடத்தில் 'எண்ணிக்கை' கேளுங்கள். விடையைக் கொடுத்துவிட்டு, கொடுத்திருந்த ஒன்றைக் கேளுங்கள்: கூடுதல் 11583, முதல் உறுப்பு 207, பொது வித்தியாசம் 9, எத்தனை உறுப்பு? புதுக் கைடு வாங்கிக் கொடுப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

ஜனவரி 9, இரவு 10.10 | கோடும் புள்ளியும்

7 + 77 + 777 + … வகை. 'என்' (n) உறுப்புகள் வரை கூடுதல்: 7/9 × [10(10^என் − 1)/9 − என்]. இதை மனப்பாடம் செய்துவிட்டு அந்த 'என்'-ஐ அடைப்புக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் என் = 2 போடுங்கள். 7 + 77 = 84 வர வேண்டும். சரியான சூத்திரத்தில் 110 − 2 = 108, 108 × 7/9 = 84. 'என்' வெளியே போயிருந்தால் 83.5… என்று பின்னம் வரும். முழு எண்களைக் கூட்டிப் பின்னம் எப்படி வரும்? பொதுச் சூத்திரம் கேட்கும் எல்லாக் கணக்குக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

ஜனவரி 11, மாலை 5.30 | கோடும் புள்ளியும்

ஆயத்தொலை வடிவியலில் நாற்கரப் பரப்பு. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், சறுக்குவது வரிசையில். (−3, 1), (4, −2), (−1, −4), (5, 3) என்று கேள்வியில் இருக்கும் வரிசையிலேயே சூத்திரத்தில் ஏற்றினால் 7.5 சதுர அலகு வரும். வாய்பாட்டில் ஒரு பிழையும் இருக்காது, விடை மட்டும் தவறு. அந்த வரிசையில் கோடு இழுத்தால் பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

ஓரத்தில் நான்கு புள்ளியையும் தோராயமாகக் குறித்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி வாருங்கள்: (−3, 1), (−1, −4), (4, −2), (5, 3). இப்போது 13 + 18 + 22 + 14 = 67, பாதி 33.5.

இதற்கும் மணி உண்டு. எக்ஸ் −3-லிருந்து 5 வரை 8 அலகு, ஒய் −4-லிருந்து 3 வரை 7 அலகு. மொத்தப் பெட்டியே 56. படத்தில் நாற்கரம் பெட்டியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கிறது. 7.5 எப்படிப் பொருந்தும்?

ஜனவரி 16, காலை 10.40 | தம்பிக்காக

பொங்கல் விடுமுறையில் வடிவியல் எடுத்தோம். நானே எண் போட்டு முக்கோணம் வரையும் கணக்கு ஒன்று கொடுத்தேன்: அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து குத்துயரம் 5.5 செ.மீ. மூன்று தடவை வரைந்தும் இணைகோடு வட்டத்தைத் தொடவே இல்லை. எங்கே பிழை?

ஜனவரி 16, மதியம் 12.15 | காம்பஸ் பெட்டி

வரைந்ததில் பிழை இல்லை, கேள்வியில்தான். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் நிலையாக இருந்தால் குத்துயரம் இஷ்டத்துக்கு வளராது. உச்சி, அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டின் மேல் வரும்போதுதான் அதிகம். 60°-க்கு அது சமபக்க முக்கோணம், 6 செ.மீ. பக்கத்துக்கு உயரம் 3√3, ஏறத்தாழ 5.2. உங்கள் 5.5 அதற்கு மேலே போய்விட்டது. 4 அல்லது 4.5 கொடுங்கள், வரும். நடுக்கோட்டைக் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும்: இதே அடிப்பக்கத்துக்கும் கோணத்துக்கும் அது 3-க்கு மேலே, 5.2-க்குள் இருக்க வேண்டும்.

வேறு கோணம் என்றால் வட்டத்தை முதலில் வரைந்துவிட்டு, மையக்குத்துக்கோட்டின் வழியே அடிப்பக்கத்திலிருந்து வட்டத்தின் உச்சி வரை அளந்து பாருங்கள். அதுதான் உச்ச அளவு.

ஜனவரி 16, இரவு 9.20 | கோடும் புள்ளியும்

மேலே சொன்னதோடு ஒன்று. கேள்வி சரியாக இருந்தும் கோடு வட்டத்தைத் தொடவில்லை என்றால், பெரும்பாலும் உச்சிக்கோணத்தை அடிப்பக்கத்துக்கு மேலே குறித்திருப்பார்கள். 60° கதிரை அடிப்பக்கத்தின் கீழ்ப்புறம் இழுக்க வேண்டும். அதற்குச் செங்குத்தாக 90° எழுப்பும் கோடு மேல்நோக்கிப் போய் மையக்குத்துக்கோட்டை வெட்டும் இடம் வட்ட மையம். மேலே குறித்தால் மையம் கீழே இறங்கிவிடும், மேலே சிறிய வில்தான் மிஞ்சும், அதில் உச்சிக்கோணம் 120° ஆகிவிடும். வரைந்து முடித்ததும் உச்சியில் கோணமானியை வைத்தால் உடனே தெரியும்.

உதவிப்படம் போடாமல் தொடங்கவே கூடாது. அதற்கு 40 வினாடி ஆகும். பென்சில் முனை மழுங்கியிருந்தால் அரை மில்லிமீட்டர் கோடு மூன்று இடத்தில் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் பிசகும். காம்பஸின் திருகையும் முறுக்கி வையுங்கள், ஆரம் நடுவழியில் மாறுவது அதனால்தான்.

ஜனவரி 18, இரவு 9.45 | கோடும் புள்ளியும்

வரைபடம். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3-ஐ வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0-ஐத் தீர்க்கச் சொன்னால், கீழே உள்ளதை மேலே உள்ளதிலிருந்து கழிக்கும் படிதான் உயிர். கழிக்கும்போது எல்லா உறுப்புக்கும் குறி மாற வேண்டும்: −4எக்ஸ் + 6எக்ஸ் = 2எக்ஸ், 3 − 9 = −6. கோடு ஒய் = 2எக்ஸ் − 6. முதல் உறுப்புக்கு மட்டும் குறி மாற்றி நிறுத்தினால் −10எக்ஸ் + 12 என்று ஒரு கோடு வரும், அது வளைவை 1.24 பக்கத்தில் எங்கோ வெட்டும்.

புள்ளிகள்: எக்ஸ் −1 முதல் 5 வரை ஒய் முறையே 8, 3, 0, −1, 0, 3, 8. இரண்டு பக்கமும் ஒரே எண்கள் திரும்பி வருவதைப் பாருங்கள். வராவிட்டால் அட்டவணையில் கூட்டல் பிழை.

இந்தக் கணக்கில் கோடு வளைவை (3, 0)-இல் தொட்டுவிட்டுப் போகிறது, வெட்டவில்லை. இங்கே பையன்கள் தடுமாறுவது நியாயம்தான். எக்ஸ் 2.5-இல் வளைவு −0.75, கோடு −1. இடைவெளி கால் அலகு, அலகுக்கு 1 செ.மீ. வைத்தால் தாளில் 2.5 மில்லிமீட்டர். வளைவை அளவுகோல் வைத்து நேராக இணைத்தால் (3, 0)-இல் ஒரு முனை வந்துவிடும், கோடு வளைவைத் தொட்டுப் போவது தெரியாது. 2.5, 3.5 இரண்டையும் கூடுதலாகக் குறித்து, கையால் வளைவாக இணைக்க வேண்டும். தீர்வு 3, 3. அளவுத்திட்டத்தை மூலையில் எழுத மறந்துவிடாதீர்கள்.

ஜனவரி 21, இரவு 8.30 | கோடும் புள்ளியும்

முக்கோணவியலில் இரண்டு செய்தி.

காஸ் + சைன் = √2 காஸ் என்று கொடுத்து, காஸ் − சைன் = √2 சைன் என்று நிறுவச் சொல்கிறார்கள் (கோணம் எல்லாவற்றுக்கும் தீட்டா). நிறைய பேர் உடனே இருபுறமும் வர்க்கப்படுத்துவார்கள். அந்த வழியில் போனால் (காஸ் − சைன்)² = 2 சைன்² வரை வரும், பிறகு வர்க்கமூலம் எடுக்கும்போது கூட்டலா கழித்தலா என்ற கேள்வியில் நிற்க வேண்டும். அதைச் சொல்லாமல் தாண்டிவிடுவது நிறுவல் ஆகாது. வர்க்கமே இல்லாமல் போகலாம்: சைன் = (√2 − 1) காஸ். இருபுறமும் (√2 + 1)-ஆல் பெருக்கினால் வலப்பக்கம் வெறும் காஸ். ஆக √2 சைன் + சைன் = காஸ். சைனை அந்தப் பக்கம் அனுப்பினால் முடிந்தது. மூன்று வரி. √2 − 1 கண்ணில் பட்டால் √2 + 1 பக்கத்திலேயே இருக்கும் என்று தோன்ற வேண்டும்.

இரண்டாவது, இறக்கக்கோணம். 60 மீ. கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கோபுரத்தின் உச்சியும் அடியும் 30°, 60° இறக்கக்கோணத்தில் தெரிகின்றன, கோபுர உயரம் என்ன? கட்டட உச்சியில் முதலில் ஒரு கிடைமட்டக் கோடு இழுக்க வேண்டும், கோணம் அதிலிருந்து கீழ்நோக்கி. தூரம் 60/√3 = 20√3, உச்சி வரை இறக்கம் 20, உயரம் 40 மீ. கோணத்தைச் சுவரிலிருந்து குறித்தால் தூரம் 60√3 ஆகும், கோபுர உச்சி கட்டட உச்சியிலிருந்து 180 மீ. கீழே போய்விடும். கட்டடமே 60 மீ.தான். கோபுரம் பூமிக்குள் 120 மீ. புதைந்திருக்கிறது என்று விடை சொல்லும்போதாவது படத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஜனவரி 25, மாலை 6.10 | கோடும் புள்ளியும்

அளவியலில் கேள்வியின் கடைசி நான்கு சொல்லைப் படிக்காமல் மதிப்பெண் போவது அதிகம். 36 செ.மீ. உயரக் கூம்பை அடிக்கு இணையாக வெட்டுகிறார்கள், மேலே கிடைக்கும் சிறு கூம்பின் கன அளவு முழுக் கூம்பில் 1/27. வெட்டிய இடம் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கன அளவு 1/27 என்றால் உயரம் 1/3, அதாவது 12. இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். 12 என்பது மேலிருந்து. கேட்டது அடியிலிருந்து: 24 செ.மீ. 'கேட்டது என்ன' வரியை முதலிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

குழாய்க் கணக்கில் சதுர அலகு மாற்றம். 14 செ.மீ. விட்டக் குழாயில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் தண்ணீர் ஓடி, 22 மீ. நீளமும் 14 மீ. அகலமும் உள்ள தொட்டியில் 50 செ.மீ. உயரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? குழாயின் வாய் 22/7 × 7 × 7 = 154 ச.செ.மீ. இதை 100-ஆல் வகுத்து 1.54 ச.மீ. என்று எழுதினால் போயிற்று. ச.மீ. ஆக்க 10,000-ஆல் வகுக்க வேண்டும்: 0.0154. ஒரு மணியில் 0.0154 × 10,000 = 154 கன மீட்டர், தொட்டிக்குத் தேவையும் 22 × 14 × 0.5 = 154. விடை 1 மணி நேரம். தவறாக மாற்றினால் 36 வினாடி வரும். 1,54,000 லிட்டர், கை அகலக் குழாயில், 36 வினாடியில்! ஆரத்தை முதலிலேயே 0.07 மீ. என்று எழுதிவிட்டால் இந்தக் குழி இல்லை.

ஜனவரி 28, இரவு 10.00 | கோடும் புள்ளியும்

புள்ளியியல், சுருக்கமாக. 10 மதிப்புகளின் சராசரி 12, திட்டவிலக்கம் 4, 18-ஐத் தவறுதலாக 8 என்று எடுத்துவிட்டார்கள். கூடுதல் 120 − 8 + 18 = 130, சராசரி 13. வர்க்கங்களின் கூடுதல் 10 × (16 + 144) = 1600, திருத்தினால் 1600 − 64 + 324 = 1860. 186 − 169 = 17, திட்டவிலக்கம் √17, ஏறத்தாழ 4.12. கழிக்கும் இடத்தில் பழைய 144-ஐப் போட்டால் 42 வந்து 6.48 ஆகும். ஒரே ஒரு எண் 10 நகர்ந்ததற்கு இவ்வளவு பரவல் கூடாது.

நிகழ்தகவு: பையில் 18 வெள்ளை, சில சிவப்பு. 12 சிவப்புப் பந்து சேர்த்ததும் சிவப்பு கிடைக்கும் நிகழ்தகவு இரட்டிப்பாகிறது, முதலில் இருந்த சிவப்பு எத்தனை? சிவப்பு இரட்டிப்பாக வேண்டும் என்று எண்ணி 12 என்பார்கள். பகுதியும் வளர்கிறதே. 12 வைத்துச் சரிபாருங்கள்: 12/30 = 0.4, பிறகு 24/42 = 0.57. ஆகவில்லை. எக்ஸ்² + 30எக்ஸ் − 216 = 0, எக்ஸ் = 6. 6/24 கால், 18/36 அரை.

பிப்ரவரி 3, இரவு 9.30 | தம்பிக்காக

40 சீட்டில் 23 வெளியே வந்துவிட்டன. பின்புறச் சிவப்புக் குறிப்புகளை எண்ணிப் பார்த்தேன். நிற்கும் 17-இல் 9-க்கு 'கேட்டது என்ன' வரியிலேயே தடை, 5 அலகு, 3 வடிவியல் படம். இனி எதைக் கொடுப்பது?

பிப்ரவரி 3, இரவு 10.20 | கோடும் புள்ளியும்

அந்த 9 சீட்டையும் தீர்க்கச் சொல்லாதீர்கள். மூன்று நாளுக்கு வெறும் வாசிப்பு: சீட்டை ஒருமுறை படித்து, மூடிவிட்டு, கேள்வியைத் தன் வார்த்தையில் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்த பிறகு தீர்க்கலாம். கூடவே இதை டப்பாவில் போடுங்கள், விடை எழுத மாட்டேன்:

4, 5, 6 ஆகியவற்றால் வகுக்க முறையே 3, 4, 5 மீதி வரும், 7-ஆல் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் எது?

பிப்ரவரி 6, இரவு 8.15 | தம்பிக்காக

119. முதல் நாள் 7-இன் மடங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிடித்தான். மறுநாள் தானே வேறு வழி சொன்னான்: மீதி எல்லாமே வகுக்கும் எண்ணைவிட 1 குறைவு, அதனால் எண்ணோடு 1 சேர்த்தால் மூன்றாலும் வகுபடும். மீச்சிறு பொது மடங்கு 60, எனவே 59, 119, 179… இதில் 7-ஆல் வகுபடும் முதல் எண் 119.

பிப்ரவரி 6, இரவு 9.05 | கோடும் புள்ளியும்

இரண்டாவது வழியை அவனே கண்டுபிடித்ததுதான் வேண்டியது. இப்போது ஒரு சொல் மாற்றம். 7-க்குப் பதில் 11 போடச் சொல்லுங்கள். வந்ததும் 9 போடச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, மாலை 7.40 | தம்பிக்காக

11-க்கு 539. 9-க்கு 1200 தாண்டியும் தேடிவிட்டு, 'அப்படி எண்ணே கிடையாது அக்கா' என்று வந்து நின்றான். ஏன் என்றால், 6-ஆல் வகுக்க 5 மீதி வரும் எண்ணை 3-ஆல் வகுத்தால் 2 மீதி வரும். 3-ஆலேயே வகுபடாதது 9-ஆல் எப்படி வகுபடும் என்று சீட்டின் பின்புறம் சிவப்பில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.